மாட்டன் எண்ட மனுசி

அக்கா வீட்டின் பின்வளவில் ஒரு சின்ன கிரானி ஃபிளாட் இருந்தது. சிட்னியில், பெண்டில் ஹில் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். நான் படகில் வந்து, அகதி வழக்கு முடியும்வரைக்கும் தருகிற பிரிட்ஜிங் விசாவில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் அங்கேதான் குடியிருந்தேன். அங்கே இருந்தவரைக்கும் எனக்குப் பசித்ததாக நினைவே இல்லை. பசி வர அக்கா விட்டால்தானே! வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கதவில் தட்டுச் சத்தம் கேட்கும்.

"சாப்பிட்டனியோ?"

"ஓம் அக்கா, இப்பத்தான் சாப்பிட்டனான்."

"அப்ப இதையும் சாப்பிடு."

இல்லை என்று சொன்னாலும் இதே சோற்றுக் கோப்பைதான் நீளும். பிறகு எதற்கு இந்த மனுசி கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் கணவாய்க் கறி மணக்கும்போது எரிச்சல் எவ்வளவு நேரம் நிற்கும், சொல்லுங்கள்.

எனக்கு அவர் சொந்தமில்லை, ஊருமில்லை. முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்தார். எப்போதோ சிட்னிக்கு வந்து, ஒரே தம்பியைக் கூப்பிட்டெடுத்து, படிப்பித்து, கலியாணமும் கட்டிவைத்து, தன் கலியாணத்தைப் பற்றி யோசிக்கிற நேரத்தில் வயது போய்விட்டிருந்தது. அதைப்பற்றிக் கேட்டால் சிரிப்பார். "ஆருக்குத் தெரியும், கட்டியிருந்தா அந்த மனிசனையும் ஆருக்காவது குடுத்திருப்பன்" என்பார்.

கொடுப்பது என்று வந்தால் அக்காவுக்குக் கண்மண் தெரியாது. பக்கத்து வீட்டு லெபனான்காரருக்கு முருங்கைக்காய் கொடுத்து, அதை எப்படிச் சப்புவது என்று வேலியோரம் நின்று பாடம் நடத்தினார். அந்த மனுசன் மரியாதைக்குச் சக்கையையும் சேர்த்து விழுங்கிவிட்டு இருமு இருமென்று இருமினார். ஒருநாள் மேய்ஸ் ஹில் கோயில் வாசலில், "உங்கட குடை நல்லாயிருக்கு அக்கா" என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். முடிந்தது கதை. குடை என் கையில், அக்கா மழையில். திருப்பிக் கொடுக்கப் போனால் கோபிப்பார். கொடுப்பதும் ஒருவகை அடம்தான். வாங்குகிறவனுக்கு மூச்சு முட்டும் என்பது கொடுக்கிற ஆட்களுக்கு விளங்குவதே இல்லை.

அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அதை அவர் குறை என்று நினைத்ததுமில்லை. அடிக்கடி மூக்கால் ரத்தம் வரும். கையில் அங்கங்கே நீலமாகக் கன்றியிருக்கும். பல்லுப் பிடுங்கியபோது நாள்கணக்காகப் பஞ்சும் கையுமாகத் திரிந்தார்.

"டொக்டரிட்டக் காட்டுங்கோ அக்கா."

"இதென்ன வருத்தமே காட்டுறதுக்கு? சூட்டு உடம்பு, ராசா. எங்கட அப்பாவுக்கும் இப்பிடித்தான். தம்பிக்கும் இப்பிடித்தான். சனிக்கிழமை எண்ணெய் வைச்சு முழுகினா நிண்டிடும்."

மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டே எனக்கு வடை சுட்டுத் தந்தார்.

தம்பிக்காரர் டூங்காபியில் இருந்தார். மனைவி, கலியாண வயதில் ஒரு மகள், யூனிவர்சிட்டிக்குப் போகிற ஒரு மகன். அவரை நான் அண்ணை என்பேன். நல்ல மனுசன், நிறையப் பேசமாட்டார். ஒரு தைப்பொங்கலுக்குப் பிறகு அண்ணைக்குக் களைப்பு, காய்ச்சல், பல் முரசால் ரத்தம் என்று தொடங்கி, கடைசியில் லுக்கீமியா என்றார்கள். ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் கொட்டியது. ஆனால் மருந்து மட்டும் போதாது, எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற மச்சையை மாற்றவேண்டும், கூடப்பிறந்தவர்கள் யாராவது கொடுக்கலாம் என்று சொன்னதுதான் தாமதம். சொல்லி முடிக்கமுன்பே அக்கா சட்டைக்கையை மடித்துவிட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

பொருத்தம் பார்த்தார்கள். முழுப் பொருத்தம். அடடா, அந்தக் கிழமை அக்காவைப் பார்த்திருக்கவேண்டும்! கோயிலில் காணுகிற ஆட்களையெல்லாம் மறித்து மறித்துச் சொன்னார்.

"சாதகம் பாத்தாக்கூட இப்பிடிப் பொருந்தாது, தெரியுமே? அப்பிடியே அச்சு. என்ர எலும்புக்குள்ள கிடக்கிறது எல்லாம் அவனுக்குத்தான்."

அப்படி ஊரெல்லாம் சொல்லாமல் விட்டிருந்தால் பிறகு வந்த அவமானத்தில் பாதி குறைந்திருக்கும். ஆனால் சந்தோசத்தை மூடிவைக்க அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோவது என் வேலை. அக்காவுக்கு எம் ஃபோர் என்றால் பயம், மோட்டர்வேயில் கார் ஓடமாட்டார். டொக்டரின் அறைக்குள்ளும் என்னை இழுத்துக்கொண்டுதான் போவார். தமிழ் மொழிபெயர்ப்பாளரை போனில் எடுத்துத் தருகிறோம் என்று அங்கே சொன்னார்கள். அக்கா பதறிப்போய்விட்டார். "ஐயோ வேண்டாம். ஆரெண்டு பாத்தா எங்கட சனமாத்தான் இருக்கும். நாளைக்கு வென்ட்வர்த்வில் கடை முழுக்கத் தெரிஞ்சிடும்" என்றார். ஆகவே மொழிபெயர்ப்பாளர் நான்தான். என் இங்கிலிஷோ, பெட்டியில் ஒட்டுகிற லேபிள் வாசிக்கிற இங்கிலிஷ்.

டொக்டர் ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண், பொறுமைசாலி. குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் போகிற வருத்தம் இருக்கிறதா என்று அக்காவையும் அண்ணையையும் கேட்டார். இரண்டுபேரும் ஒரே குரலில் "நோ டொக்டர்" என்றார்கள். பொய்யில்லை. அவர்களுடைய கணக்கில் அது உண்மையிலேயே வருத்தம் இல்லை. அண்ணைக்கு மருந்து ஏற்றிய டொக்டர்மாரும் அவரிடம் முன்பு இதே கேள்வியைக் கேட்டு, இதே பதிலை எழுதிவைத்திருந்தார்கள்.

டொக்டர் கணினியைப் பார்த்தபடி, உங்கள் ரத்தத்தில் காயத்தை அடைக்கிற அணுக்கள் குறைவாக இருக்கின்றனவே, மூக்கால் ரத்தம் வருவதுண்டா என்று திருப்பிக் கேட்டார்.

"அது வருத்தமில்லை டொக்டர். ஹீற். பொடி ஹீற்" என்றார் அக்கா. வீட்டு வைத்தியமும் சொல்லிக் கொடுத்தார். வெந்தயம், நல்லெண்ணெய், மாம்பழம் கூடாது. டொக்டரின் பேனை நின்றுவிட்டது. அப்பாவுக்கும் உண்டா? உண்டு. வேறு யாருக்கு? அப்பாவின் தங்கச்சி ஒருவர் பிள்ளைப்பேற்றில் ரத்தம் போய்ச் செத்தவர், ஆனால் அது செய்வினை என்றார்கள். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். செய்வினைக்கு எனக்கு இங்கிலிஷ் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

பிறகு, பரம்பரைப் பழுது ஏதும் உண்டா என்று பார்க்க அண்ணையின் தோலில் சிறு துண்டு எடுத்தார்கள். அக்காவிடமும் எடுத்தார்கள். பல கிழமை கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். அன்று அண்ணையின் மனைவிக்கு வேலை. அண்ணை, அக்கா, நான், மூன்றுபேரும் போனோம்.

குடும்பத்தில் ஒரு மரபணு பழுது, அது அண்ணைக்கும் இருக்கிறது, அக்காவுக்கும் இருக்கிறது என்றார் டொக்டர். அதனால் அக்காவின் மச்சையை எடுக்கமுடியாது. கொடுத்தால், அந்த நோய்க்கு வழிவிடுகிற அதே பழுதை அண்ணைக்குள் திரும்பவும் நட்டுவைப்பதாக முடியும். அக்கா முதலில் நம்பவில்லை. சந்தையில் மீன் பேரம் பேசுவதுபோலப் பேசினார். "கொஞ்சமா எடுங்கோ. மற்றக் கால் எலும்பில எடுத்துப் பாருங்கோ. என்ர எலும்பு நல்ல எலும்பு, நான் ஒருநாளும் படுத்ததில்லை." நான் அதைச் சொல்லச் சொல்ல டொக்டர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பேசி முடிந்த பிறகும் அக்காவின் கை மடியில் திறந்தபடியே கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டொக்டர் சொன்னதை அக்கா தனக்கு விளங்கினமாதிரிப் பிறகொருநாள் எனக்குச் சொன்னார். அதைவிட நன்றாக இன்றுவரைக்கும் எனக்கு யாரும் விளக்கியதில்லை.

"எலும்புக்குள்ள பிறக்கிற ரத்தப் பிள்ளையள் எல்லாம் பிறக்கேக்குள்ள ஒரே மாதிரித்தானாம், ராசா. பிறகு ஒரு ஆள் நிண்டு, நீ சிவப்பாப் போ, நீ வெள்ளையாப் போ, நீ காயம் அடைக்கிற வேலைக்குப் போ எண்டு பிரிச்சு அனுப்புமாம். எங்கட குடும்பத்தில அந்த ஆளுக்கு அரை விசர். காயம் அடைக்கிறதுக்குக் கொஞ்ச ஆக்களைத்தான் அனுப்புறான். அதுதான் மூக்கால வடியுது. எல்லாருக்கும் அதோட போயிடும். ஆனா ஆருக்காவது வேற ஏதும் சேந்து பழுதானா, முழு விசராம். பிறக்கிறது ஒண்டும் வளராது. ஒரு வேலைக்கும் உதவாமல் குஞ்சாவே நிண்டு பெருகுமாம். தம்பிக்கு அதுதான் நடந்தது. எனக்குள்ளயும் அவன்தான் நிக்கிறான், இன்னும் அரை விசரோட."

அன்று ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் நடந்ததைச் சொல்லவேண்டும். காரில் ஏறியதும் அண்ணை என்னை ஸ்டார்ட் பண்ணவேண்டாம் என்றார்.

"அக்கா, வாற மாதம் மெல்பேண் ஆக்கள் மகளைப் பொம்பிளை பாக்க வருகினம்."

"தெரியும்."

"அவையள் முதல் கேக்கிறதே பரம்பரை வருத்தம் இருக்கோ எண்டுதான். இது வெளியில தெரிஞ்சா அவளுக்கும் சரிவராது, என்ர பெடியனுக்கும் சரிவராது."

"பிள்ளையளுக்கு இருக்கோ எண்டு பாக்கவேணுமெண்டெல்லோ டொக்டர் சொன்னவ? பாதிக்குப் பாதி இருக்கலாமாம்."

"பாப்பம் அக்கா. முதல் கலியாணம் முடியட்டும், நானே பிள்ளையை இருத்திவைச்சுச் சொல்லுறன். முருகன் மேல சத்தியம்." பின்சீட்டில் இருந்த அக்காவிடம் திரும்பினார். "ஆனா நீங்கள் ஏன் குடுக்கேல்லை எண்டு சனம் கேக்குமே. எல்லாருக்கும் பொருத்தம் எண்டு சொல்லிப்போட்டியள்."

அக்கா கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினார்.

"நீங்கள் பயத்தில மாட்டன் எண்டதா இருக்கட்டும், அக்கா. வீட்டிலயும் நான் அப்பிடித்தான் சொல்லப்போறன்."

பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். யார் எதைக் கேட்டாலும் கொடுத்துப் பழகிய மனுசி. தம்பி கேட்டது அவருடைய பெயரை. அதையும் கொடுத்துவிட்டார்.

"சரி, அப்பிடியே இருக்கட்டும்" என்றார். பிறகு என் தோளில் தட்டினார். "உன்ர காதில ஒண்டும் விழேல்லை."

"ஓம் அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

கதை பரவ ஒரு கிழமை போதுமாயிருந்தது. கூடப்பிறந்த தம்பிக்கு எலும்பு மச்சை கொடுக்க மாட்டன் எண்ட மனுசி. கோயிலில் அக்கா நிற்கிற வரிசையில் இடைவெளி விழுந்தது. பிளாக்டவுனில் ஒரு கடையில் நான் இடியப்ப மா எடுத்துக்கொண்டு நிற்கிறேன். முன்னால் இரண்டு பெண்கள்.

"உந்த முருங்கைக்காயும் வடையும் குடுத்து என்ன? குடுக்கவேண்டிய நேரத்தில கையை மூடிப்போட்டா."

"அதெல்லாம் சும்மா படம் காட்டினது."

மாப் பையை மேடையில் போட்டுவிட்டு வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாய் இருந்தும் ஊமை. வீட்டுக்கு வந்து அக்காவிடம்தான் பாய்ந்தேன். "உங்களுக்குச் சூடு சுரணை இல்லையே? ஒரு சொல்லு சொன்னா என்ன?" என்று கத்தினேன். அவர் ஆறுதலாக, "நீ சாப்பிட்டனியோ?" என்றார். எனக்கு அந்தக் கோப்பையைத் தூக்கி எறியவேண்டும்போல இருந்தது. எறியவில்லை, சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

அண்ணைக்கு எங்கேயோ வெளிநாட்டில் ஒருவருடைய மச்சை கிடைத்தது. எங்கள் ஆட்கள் மச்சை கொடுக்கிறவர்களின் பட்டியல்களில் பெயர் கொடுப்பது அரிது என்பதால் அரைகுறைப் பொருத்தம்தான். எப்படியோ தப்பி, எலும்பும் தோலுமாக எழும்பி வந்தார். மெல்பேண் சம்பந்தம் சரிவந்தது. கலியாணத்துக்கு முந்தின கிழமை டூங்காபி வீட்டில் பெண்கள் கூடிப் பலகாரம் சுட்டார்கள். அக்காவைக் கூப்பிடவில்லை. பயித்தம் பணியாரத்தில் அக்காவை அடிக்க சிட்னியில் ஆளில்லை, அது எல்லாருக்கும் தெரியும். தானே தனியாக இருந்து சுட்டு, ஒரு பெரிய தகரத்தில் அடுக்கி, என்னிடம் கொடுத்துவிட்டார். அண்ணையின் மனைவி வாசலிலேயே மறித்தார்.

"அந்தக் கையால செய்தது என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு வேண்டாம், தம்பி. கொண்டு போங்கோ."

அவர்மீதும் எனக்குக் கோபப்பட முடியவில்லை. புருஷன் சாகக் கிடந்தபோது கை கொடுக்காத மச்சாள் என்றுதானே அந்த மனுசி நம்பியிருந்தார். தகரம் திரும்பி வந்ததைப் பார்த்ததும் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். தெரு முழுக்கப் பயித்தம் பணியாரம் தின்றது. லெபனான்காரர் மறுபடியும் கேட்டு வந்தார்.

கலியாணம் முடிந்தது. அண்ணை இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றார். பிள்ளை மெல்பேணில் புதுக்குடித்தனம், சந்தோசமாக இருக்கிறாள், போனில் சொல்கிற விசயமா இது, நேரில் வரட்டும் என்றார். அவள் நேரில் வருவதற்குள் நெஞ்சில் சளி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் வீட்டுக் கிரியைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலோரக் கதிரையொன்றில் போய் இருந்தார். ஒருவரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மகள் மெல்பேணிலிருந்து புருஷனோடும் மாமியாரோடும் வந்திருந்தாள். வயிற்றில் பிள்ளை. ஐயர் போய், சாப்பாடு போடுகிற நேரத்தில் அவளுடைய மூக்கால் ரத்தம் வந்தது. வெள்ளைச் சட்டையில் சிந்தியது.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. அப்பான்ர சூடு. தலையை நிமித்து" என்று தாய் ஓடினார்.

அக்கா எழும்பிவிட்டார். பிள்ளைப்பேற்றில் செத்துப்போன அந்த மாமியின் நினைவு அவருக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது.

"பிள்ளை, ஒருக்கா குசினிக்கு வா. உன்னோட ஒரு கதை."

"நோ, மாமி. என்ன சொல்லுறதெண்டாலும் இங்கயே சொல்லுங்கோ."

"தனியச் சொல்லவேணும்."

"உங்களோட தனிய எனக்கு ஒரு கதையும் இல்லை."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்பேண் மாமியாரும்தான். சொன்னால் தம்பிக்குக் கொடுத்த வாக்குப் போகும், பிள்ளையின் வாழ்வும் என்னவாகுமோ தெரியாது. சொல்லாவிட்டால் பிள்ளையே போய்விடலாம். அக்கா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அது சூடில்லை, பிள்ளை. எங்கட ரத்தத்தில ஒரு பழுது. உன்ர அப்பாவுக்கும் இருந்தது, எனக்கும் இருக்குது. அதாலதான் என்னட்ட எடுக்கேல்லை. பிள்ளை பெறமுதல் உனக்கும் இருக்கோ எண்டு சோதி."

தாய்தான் முதலில் பேசினார்.

"செத்த மனிசன் எழும்பி வந்து இல்லையெண்டு சொல்லமாட்டார் எண்ட துணிவோ, மச்சாள்?"

"உண்மைதான் அண்ணி, நானும் கூட இருந்தனான்" என்றேன் நான்.

"நீர் அவவின்ர சோத்தைத் தின்னுறவர். கதையாதையும்."

என் வாய்ச்சாட்சிக்கு அவ்வளவுதான் மதிப்பு. மகள் அழுதுகொண்டு கேட்டாள். "அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை? யூ ஆர் லையிங், மாமி. என்ர அப்பாவில பழி போடுறீங்க."

"சரி, நான் பொய் சொல்லுறன். நான் மாட்டன் எண்ட மனுசிதான். ஆனா ஒருக்கா ரத்தம் குடுத்துச் சோதிச்சுப் பார். ஒண்டுமில்லை எண்டு வந்தா என்ர மூஞ்சையில காறித் துப்பு. நான் சந்தோசமாத் துடைச்சுக்கொண்டு போறன்."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. காரில் வரும்போது அக்கா ஒரு கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்டார். "போவாளோ? சோதிப்பாளோ?"

சோதித்தாள். புருஷன் நல்ல பெடியன். ஒரு சோதனைதானே, போய்ப் பார்ப்போம் என்று கூட்டிப்போயிருக்கிறான். முடிவு வந்த பிறகு சிட்னிக்கு வந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள். நான் குசினியில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். வயிறு நன்றாகத் தெரிந்தது. அக்கா வா என்றுகூடச் சொல்லவில்லை.

"இருக்கோ, இல்லையோ?"

"இல்லை, மாமி. எனக்கு இல்லை. மூக்கால வந்தது பிரெக்னன்சியில வாறதாம்."

அக்கா அப்படியே முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். வாய்க்குள் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை.

"அப்பான்ர ரிசல்ட்டை வைச்சுத்தான் எனக்கும் பாத்தவை" என்றாள் பிள்ளை. "எல்லாம் சொன்னவை." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு அது இல்லாதபடியா, உங்களுக்கு எப்பவாவது அந்த வருத்தம் வந்தா நான் தரலாம், மாமி. பொருந்தினா. நான் கேட்டிட்டன்" என்றாள்.

"விசர்க்கதை கதையாதை. இரு, சாப்பிடு."

கோப்பையை எடுத்தார். சோறு போட்டார், பருப்புப் போட்டார், கறி கோப்பை தப்பி மேசையில் ஊற்றுண்டது. அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"பிள்ளை, நான் மாட்டன் எண்டு சொல்லேல்லையடி. என்ர முழு எலும்பையும் உடைச்சுக் குடுத்திருப்பன்."

"தெரியும், மாமி."

அவ்வளவு காலத்தில் அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான். குழந்தைப்பிள்ளைபோலக் கேவிக் கேவி அழுதார். பிள்ளை அவருடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அழுது முடித்துச் சாப்பிட்ட பிறகு, அம்மாவுக்கும் சனத்துக்கும் எல்லாம் சொல்லப்போகிறேன் என்று அவள் எழும்பினாள். அக்கா கையைப் பிடித்து இருத்தினார்.

"வேண்டாம். உன்ர தம்பி இருக்கிறான். அவனைச் சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டு போய்ச் சோதி. சனத்துக்குச் சொல்லாதை. நான் சொன்னதை ஒருத்தரும் நம்பேல்லைத்தானே? அது நல்லதாப் போச்சு. அப்பிடியே கிடக்கட்டும்."

"அப்ப உங்களை எல்லாரும் இப்பிடியே..."

"எனக்குப் பழகிப்போச்சு."

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் உள்ளியைப் பார்த்தேன். அந்தக் கார் பார்க்கில் எனக்கு நடந்தது அந்தக் குசினியில் அவளுக்கு நடந்தது. வாயை மூடிக்கொள்ளும்படி அன்பாகக் கேட்டால், மறுக்கிற வழி யாருக்கும் தெரியாது.

இப்போது நான் மெல்பேணில் இருக்கிறேன். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகிற வேளைகளில் சிட்னி ஆட்கள் யாராவது அகப்படுவார்கள். கதைக்கிற கதையில் அந்த மனுசியும் வருவார். தம்பிக்குக் கொடுக்காதவ, செத்தவீட்டிலயும் பொய் சொன்னவ. நான் பிரசாதத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டு தலையாட்டுவேன். பிள்ளையின் தம்பி போய்ச் சோதித்தானாம். முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. அவனுக்கு இன்னும் கலியாணப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு எழுதியும் அக்காவின் பெயரை மட்டும் நான் எழுதவில்லை.